தோர்விக்கில் ஓர் இரவும் தூங்காத தோர்விக்

அஸ்லாக் தோர்விக்கின் வீட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போவேன். ஊராட்சி எனக்குக் கொடுத்திருக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் தரையைத் துடைத்து, குளியலறையைத் தேய்த்து, படுக்கை விரிப்பை மாற்றி, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தையும் கேட்டுவிட வேண்டும். உட்காரக் கூடாது, காபி குடிக்கக் கூடாது. இந்த விதியை எழுதிய மகராசன் வீட்டில் வயசாளி என்று யாரும் இல்லை போலிருக்கிறது. எனக்கே ஐம்பத்தெட்டு ஆகிறது. முட்டி இரண்டும் எப்போதோ கையை விரித்துவிட்டன. குனிந்தால் நிமிர முடிவதில்லை, நிமிர்ந்தால் குனிய முடிவதில்லை. ஆனாலும் போகிறேன், துடைக்கிறேன், வருகிறேன்.

அஸ்லாக் எங்கள் ஊரில் பெரிய மனிதர் இல்லை. கெட்ட பெயரும் இல்லை, நல்ல பெயரும் இல்லை. அவருக்கு இருப்பது வெறும் பெயர் மட்டும்தான், அதுவும் சிக்கலில் மாட்டிக்கொண்ட பெயர்.

படகுத்துறைக்கு மேலே, ஊராட்சி கட்டிக் கொடுத்த ஓட்டு வரிசை வீடுகளில் நான்காவது அவருடையது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேரே எதிரில், மேட்டின் மேல், வெள்ளை வீடும் சிவப்புக் கொட்டிலுமாகத் தோர்விக் பண்ணை தெரியும். அந்தப் பக்கம் பார்க்காத வீடாகக் கொடுங்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த எண்பத்தொரு வயதிலும் அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்டேதான் ரொட்டி தின்கிறார். அவர் பெயர் தோர்விக். அந்தப் பண்ணையில் ஓர் இரவுகூட அவர் தூங்கியதில்லை.

எங்கள் பக்கத்தில் பெயர் என்பது ஒரு காலத்தில் விலாசம். நீ எந்தப் பண்ணையில் படுத்து எழுந்தாயோ அதுதான் உன் பெயர். பண்ணை மாறினால் பெயர் மாறும். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் கல்யாணத்தன்று காலையில் ஒரு பெயரோடு எழுந்து, ராத்திரி மாமனார் பண்ணைப் பெயரோடு படுப்பான். யாரும் அதை மானக்கேடாக நினைத்ததில்லை. சட்டையை மாற்றுவது மாதிரி மாற்றிக்கொண்டு போனார்கள். பிறகு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர், அது தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும் என்று. அஸ்லாக்கின் அப்பா நில்ஸ் அப்போது தோர்விக்கின் சொந்தக்காரர். அதனால் பெயர் தோர்விக் என்று ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய சில வருஷத்தில் பண்ணை போய்விட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஊரில் பாதிப் பேருக்கு நடந்ததுதான். வங்கி ஏலம் விட்டது. மலைக்குப் பின்னால் இருந்த தாலே பண்ணையிலிருந்து மத்தியாஸ் என்பவர் வந்து ஏலம் எடுத்தார். பழைய வழக்கப்படி, குடிவந்த வாரமே தன்னைத் தோர்விக் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார். சர்க்காருக்கு எழுதிக் கேட்டு அதை உறுதியும் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோர்விக்கில் உட்கார்ந்திருப்பவன் தோர்விக் இல்லாமல் வேறு யார்? ஆனால் நில்ஸ் தன் பெயரை இறக்கி வைக்கவில்லை. மற்றது எல்லாவற்றையும் இறக்கி வைத்தாயிற்று, இதையாவது வைத்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டார். அப்படித்தான் ஒரு ரத்த உறவும் இல்லாத இரண்டு குடும்பம் ஒரே ஊரில் ஒரே பெயரோடு ஆனது.

நில்ஸ் சாகும்வரை மத்தியாஸைத் தோர்விக் என்று கூப்பிட்டதில்லை. வெண்ணெய்க்காரன் என்பார். தாலே பண்ணை மலை நிழலில் இருந்தது. அக்டோபரில் போகிற வெயில் பிப்ரவரி நடுவில்தான் திரும்ப வரும். எங்கள் பள்ளத்தாக்கில் வெயில் அப்படி அடியோடு போகிற பண்ணை அது ஒன்றுதான். வெயில் திரும்புகிற நாளில் தாலே வீட்டுக்காரி ஜன்னல் கட்டையில் ஒரு கட்டி வெண்ணெயை வைப்பாள். அது இளகும்வரை வீடே வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு குழந்தைகள் வழித்து நக்கும். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற தோர்விக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ‘சூரியனுக்கே லஞ்சம் கொடுக்கிற ஆளுங்க’ என்று நில்ஸ் கடைத் தெருவில் நின்று சொல்வாராம். பண்ணையை இழந்தவனுக்கு வாய் மட்டும் மிச்சம்.

அஸ்லாக் பிறந்தது ஏலத்துக்குப் பிறகு, படகுத்துறை மாடி அறையில், மீன் வாடைக்கு நடுவில். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பிலேயே மத்தியாஸின் மகன் ஓட்வாரும் இருந்தார். இரண்டு பேரும் தோர்விக். வாத்தியார் மேல் தோர்விக், கீழ் தோர்விக் என்று பிரித்து வைத்தார். கீழ் தோர்விக் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தோர்விக் குடும்பம், தோர்விக் என்று விலாசம். தபால்காரன் என்ன செய்வான், தோர்விக்குக்குக் கொண்டுபோய்ப் போட்டான். உள்ளே காபிக்கொட்டை, சோப்பு, நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று. மறு வாரம் ஓட்வார் அந்தக் கோட்டோடு பள்ளிக்கூடம் வந்தார். அஸ்லாக்கின் அம்மா அன்றைக்கு முழுக்க அழுததாகச் சொல்வார்கள். அஸ்லாக்கின் தாத்தாவுக்கு ஓலே என்று ஒரு தம்பி. கப்பலேறி அமெரிக்கா போனவர், போய்ச் சேர்ந்தாரா என்றுகூடத் தகவல் இல்லை. அந்த ஓலேயின் பிள்ளைகள்தான் பார்சல் அனுப்பியிருக்கிறார்கள், தங்களுக்கு வந்த கோட்டைத்தான் வெண்ணெய்க்காரன் மகன் போட்டுக்கொண்டு திரிகிறான் என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. அஸ்லாக்குக்கும் இல்லை. எழுபது வருஷம் கழித்து என்னிடம் சொல்லும்போதுகூட அந்தக் கோட்டின் பொத்தான் எப்படி இருந்தது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார்.

பிறகு அவர் வாழ்க்கை மற்றவர்கள் வாழ்க்கை மாதிரிதான் போனது. கடலுக்கு அக்கரையில் இருந்த உலோக ஆலையில் உலைக்கு முன்னால் நின்றார். காலையில் படகு, மாலையில் படகு. நெஞ்சில் புகை. ரக்னா என்று ஒருத்தியோடு நிச்சயம்வரை போயிற்று. அக்கரைக்காரி. நடனத்தில் பார்த்துப் பிடித்துப்போய், தோர்விக் என்று பெயர் கேட்டதும் இன்னும் பிடித்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையைப் பார்க்கலாம் என்று படகேறி வந்திருக்கிறாள். அஸ்லாக் அவளை மாடி அறைக்குக் கூட்டிப்போனார். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

‘பேரைப் பாத்து வந்தா, வீட்டைப் பாத்துப் போயிட்டா. அவ மேல என்ன தப்பு?’ என்பார்.

அதற்குப் பிறகு வேறு யாரையும் அவர் தேடவில்லை. உடன் பிறந்தவர்களும் இல்லை. அம்மா அப்பா போன பிறகு, என் ரத்தம் என்று சொல்ல அவருக்கு இந்தப் பக்கத்தில் ஒரு ஜீவன் கிடையாது. இருந்தால் அமெரிக்காவில் இருக்க வேண்டும்.

அமெரிக்கா வராமலும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் வந்தது. வாடகைக் காரில், மழைக்கோட்டும் கழுத்தில் கேமராவுமாக, எங்கள் கொள்ளுத்தாத்தா ஓலே தோர்விக் இங்கிருந்துதான் வந்தார் என்று யாராவது ஒருத்தர் வந்து நிற்பார். எங்கே போவார்கள்? பெயர்ப் பலகை இருக்கிற இடத்துக்குத்தான். ஓட்வாரின் மனைவி சுனிவா வாஃபிள் சுட்டுப் போடுவாள். பழுப்புச் சீஸ், ஜாம், காபி. வந்தவர்கள் கொட்டிலின் கல்லைத் தடவி அழுவார்கள். ஓட்வார் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார். பாருங்கள், மூக்கு அப்படியே இருக்கிறது என்பார்கள்.

இது சரியா என்று ஒருமுறை கடையில் வைத்துச் சுனிவாவிடம் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

‘அழுதுகிட்டு ஒருத்தி வாசல்ல நிக்கறப்ப, நீ யாரோ நாங்க யாரோன்னு கதவைச் சாத்தச் சொல்றியா? மாவைக் கரைச்சு ஊத்தறேன். மூக்கு என்னமோ அவங்களாத்தான் கண்டுபிடிக்கறாங்க.’

நல்ல பெண்தான் சுனிவா. வேறு ஊர்க்காரி, எங்கள் பழைய கதை எதுவும் அவளுக்கு முழுசாகத் தெரியாது. அவளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. ஜூலை மாதத்தில் வாடகைக் கார் ஒன்று மேட்டுப் பாதையில் ஏறினால், கீழே அஸ்லாக் எழுந்து போய்ச் சவரம் செய்துகொள்வார். சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். தப்பித்தவறி யாராவது கீழே வழி கேட்டு வரலாம், வந்து கதவைத் தட்டலாம். ஒருத்தர் வந்து அவர் மேஜையில் உட்கார வேண்டும், ஒரு மத்தியானம், உறவு என்று சொல்லிக்கொண்டு. அவ்வளவுதான் அவர் ஆசை. மேலே போய் இவர்கள் என் ஆட்கள் என்று சொல்ல ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறேன். அந்த வீட்டு வாசலில் போய் நின்று எதையும் கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றார். எண்பது வயசிலும் அப்பா சொன்ன சொல். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டு வாளியை எடுத்தேன்.

போன கோடையில் மார்லிஸ் வந்தாள். மின்னசோட்டாக்காரி. எழுபது வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லை. அவளும் ஒரு ஓலே தோர்விக்கின் பேரனுடைய மகள். தோர்விக்கில் சுனிவா அவளை மாடி அறையில் தங்கவே வைத்துவிட்டாள், இரண்டு பேருக்கும் அப்படிப் பொருத்தம். நான் அவளைப் பார்த்தது தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில். என் அம்மா கல்லைச் சுற்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஈரப் புல்லில் நடந்து நடந்து, பழைய தோர்விக்காரர்கள் எங்கே என்று கேட்டாள். இங்கே இருபது வருஷம் போனால், யாரும் கேட்காத குழியில் அடுத்த ஆளை வைத்துவிடுவோம், கல்லையும் எடுத்துவிடுவோம் என்றேன். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

‘இவ்ளோ தூரம் வந்தேன்,’ என்றாள். ‘தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்லையா?’

எனக்கு அன்றைக்கு முட்டி வலி. மழை வேறு. காலையில்தான் அஸ்லாக் வீட்டில் சவரக் கத்தி ஈரமாக இருந்ததைப் பார்த்திருந்தேன். எத்தனை கோடை இதைப் பார்த்துக்கொண்டு சும்மா துடைத்துவிட்டு வருவது? பொறுத்தது போதும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். மேலே இருப்பவர்கள் நல்லவர்கள், ஆனால் உங்கள் ஆட்கள் இல்லை, பண்ணையை வாங்கியபோது பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள். உங்கள் ரத்தம் கீழே ஓட்டு வரிசையில் நான்காவது வீட்டில் இருக்கிறது, ஒற்றை ஆள், உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. சுனிவாவை அவளுக்குப் பிடித்திருந்தது. ஓட்வாரின் மூக்கு அவள் அப்பாவின் மூக்கு என்று வீட்டுக்குத் தொலைபேசியில் வேறு சொல்லியிருக்கிறாள். பெஞ்சிலிருந்து எழுந்து, சரி, உண்மை எதுவோ அதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

நான் அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஓலே தோர்விக் அமெரிக்கா போன காலத்தில் பண்ணை நில்ஸின் அப்பாவிடம் இருந்தது. அப்படியானால் ஓலே அந்த வீட்டுப் பிள்ளைதானே? இப்படித்தான் என் புத்தி போனது. பெயர் விலாசம் என்றால் அது எஜமானுக்கு மட்டுமா விலாசம்? கொட்டில் பரணில் படுத்த வேலைக்காரனுக்கும் அதே விலாசம்தான். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். என் விடுமுறை நாள், அதனால் உட்காரலாம். அஸ்லாக்கிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், அவர் முந்தின நாளே படகேறிப் போய் லெஃப்சே வாங்கி வந்திருந்தார், உருளைக்கிழங்கு மாவில் மெல்லிசாகச் சுட்டு வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து மடித்தது. அம்மாவின் மேஜைவிரிப்பைப் போட்டிருந்தார். அதன் மடிப்புக் கோடுகள் நிமிரவே இல்லை. பறிக்கத் தெரியாமல் பறித்த காட்டுப் பூ ஒரு டம்ளரில். கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் கையை நீட்டினார். அவள் அதைத் தாண்டி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கண் எதிரில் அந்த மனிதருக்கு மூச்சு ஒரு நொடி நின்று போய் வந்தது.

அவருக்கு ஆங்கிலம் உலைக்கூடத்து வசவு அளவுக்குத்தான் தெரியும். அவளுக்கு எங்கள் பாஷை சாப்பாட்டு மேஜை ஜெபம் அளவுக்கு. நடுவில் நான். அவர் சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை அவருக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து யோசிக்காமலே சொல்ல வந்தது, வாய் தானாக ஓடியது. அவளுடைய வயல்களைப் பற்றிக் கேட்டார். அவள் அவருடைய உலையைப் பற்றிக் கேட்டாள். ரக்னா கதையைக்கூடச் சொன்னார். அவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அண்ணா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டாள். நான் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். இத்தனை வருஷம் அந்த வீட்டைத் துடைத்திருக்கிறேன், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு அவள், எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதன் அர்த்தம் கேட்கத்தான் முக்கியமாக வந்தேன், மேலே கேட்பதற்குள் நீங்கள் அவர்கள் என் ஆட்கள் இல்லை என்றுவிட்டீர்கள் என்று ஆரம்பித்தாள்.

‘பிப்ரவரி பாதியில ஒரு நாள் காலைல எங்க வீட்டு ஜன்னல் கட்டைல ஒரு கட்டி வெண்ணெய் வைப்போம். வெயில் பட்டு அது இளகற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஓலே செஞ்சது, அப்புறம் தாத்தா, அப்பா, இப்ப நான். எங்க ஊர்ல வெயிலுக்குப் பஞ்சமே இல்லை, என் பசங்க கிண்டல் பண்றாங்க. இங்க தோர்விக்ல அதை எப்படிச் செய்வீங்க?’

நான் அவருக்குப் பாதிவரை சொல்லிவிட்டேன். வாய் தானாக ஓடியது என்றேனே, அப்படி. வெண்ணெய் என்ற வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என் நாக்கு என்ன செய்கிறது என்று எனக்கே தெரிந்தது. மிச்சத்தை விழுங்கப் பார்த்தேன். அஸ்லாக் என்னைப் பார்த்தார்.

‘முழுசாச் சொல்லு,’ என்றார்.

சொன்னேன்.

அவர் கையில் இருந்த கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். தாலேயில் இருந்தது ஒரே குடும்பம், மத்தியாஸின் குடும்பம். அங்கிருந்து ஓலே என்று ஒருத்தன் தோர்விக்குக்கு வேலைக்கு வந்து, கொட்டிலில் படுத்து, அங்கிருந்தே கப்பலுக்குப் போயிருக்கிறான். அமெரிக்காவில் பெயர் கேட்டபோது கடைசியாகத் தூங்கிய இடத்தைச் சொல்லியிருக்கிறான். கூட என்ன கொண்டு போனான்? அம்மா வீட்டு வெண்ணெயை. இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் முடித்துவிட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

‘அப்ப அந்த நீலக் கோட்டு ஓட்வாரோடதுதான்,’ என்றார்.

மார்லிஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல சேதி வருகிறது என்று சிரித்த முகமாகவே இருந்தாள். நான் எங்கள் பாஷையில், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

‘விட்டுருங்க, அஸ்லாக். இங்கயும் செய்வோம்னு சொல்லிடறேன். நாளன்னைக்கு அவ ஊருக்குப் போயிடுவா. யாருக்கு என்ன நஷ்டம்?’

அவர் லெஃப்சே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்று தின்றிருந்தாள், இரண்டாவதைக் கடித்து வைத்திருந்தாள்.

‘அவங்க என் பேரை எடுத்துக்கிட்டாங்க,’ என்றார். ‘நான் அவங்க ஆளை எடுத்துக்க மாட்டேன். சொல்லு அவகிட்ட.’

‘கொஞ்சம் யோசிச்சு...’

‘சொல்லு, குன்வோர்.’

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவர் மேலும்தான். அந்தக் கோபத்தில் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன். வெண்ணெய் தாலேயின் பழக்கம், தாலேக்காரர்கள் உங்கள் ஆட்கள், மத்தியாஸ் தாலேக்காரர், ஓட்வார் மத்தியாஸின் மகன், இவருக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது, அழுவாள் என்று நினைத்தேன்.

‘அப்ப மேல இருக்கறவங்கதான் எங்க ஆளுங்களா?’ என்றாள். ‘நிஜமாவா? மூக்கு, நான் சொன்னேனே, மூக்கு!’

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு நாளாக அந்த வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு, சுனிவாவின் கையால் தின்றுகொண்டு, இவர்கள் எனக்கு யாரும் இல்லையாமே என்று மனசுக்குள் வைத்து மருகிக்கொண்டிருந்திருக்கிறாள் பாவம். எழுந்து வந்து அஸ்லாக்கை மறுபடி கட்டிப்பிடித்தாள். இது வேறு மாதிரி. ரயிலில் மறந்து விட்ட பையைத் திருப்பிக் கொடுத்தவரைக் கட்டிப்பிடிப்பது மாதிரி. நீங்கள் நேர்மையானவர், நன்றி, மிகவும் நன்றி என்றாள். அதையும் நான்தான் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டாள். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, வேண்டாம், நடந்தே போய்விடுகிறேன், இப்போதே சொல்ல வேண்டும் என்றாள்.

ஜன்னலிலிருந்து இரண்டு பேரும் பார்த்தோம். எழுபது வயசுக்காரி அந்த மேட்டில் கிட்டத்தட்ட ஓடினாள். மேலே கதவு திறந்தது.

நான் கோப்பைகளைக் கழுவி வைத்தேன். கடித்து வைத்த லெஃப்சேவை என்ன செய்வது என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார். விரிப்பை மடிக்கப் போனபோது அதையும் வேண்டாம் என்றார். எனக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லலாம். சொல்ல மனசு வரவில்லை, எனக்கு அது சரியாகப் படவில்லை. சும்மா தோளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

அன்று மாலை தோர்விக்கில் பெரிய விருந்து நடந்ததாம். சுனிவா கடையில் வைத்துச் சொன்னாள். ஓட்வார் விழுந்து விழுந்து சிரித்தாராம். இத்தனை வருஷம் பொய்யாகச் சொந்தம் கொண்டாடினோம், கடைசியில் பார்த்தால் அது நிஜம் என்று. அஸ்லாக்குக்கு நன்றி சொல்லிவிடச் சொன்னார் என்றாள். அவரே இறங்கி வந்து சொல்லலாமே என்றேன். அவருக்குக் கால் வலி என்றாள். மேட்டிலிருந்து கீழே வருவதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

என் முறை வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போனேன். அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை. நான் தரையைத் துடைத்தேன், கால்களைத் தூக்கிக்கொண்டார். ஓட்வார் சொல்லி அனுப்பிய நன்றியைச் சொன்னேன். ம் என்றார். அமெரிக்கா போன அவருடைய தாத்தாவின் தம்பி ஓலே என்ன ஆகியிருப்பார் என்று, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

‘எங்க போய் எந்தக் கொட்டில்ல படுத்தானோ. அந்தப் பேரை வச்சிருப்பான். எதைன்னு தேடறது?’

குளியலறையைத் தேய்த்துவிட்டு, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு வந்தேன். இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். மார்லிஸ் அடுத்த கோடையிலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன்.

‘அங்க,’ என்றார்.

‘ஆமா. அங்கதான்.’

வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டேன். நேரம் முடிந்துவிட்டது, அடுத்த வீட்டில் ஒரு அம்மாள் காத்திருந்தாள். கதவுவரை போன பிறகு கூப்பிட்டார். திரும்பினேன். அவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார்.

‘இன்னொரு தடவை யாராவது அப்படி வந்து உக்காந்தா, நான் சொல்றதை நீ அப்படியே சொல்லிடாதே, குன்வோர்.’

சரி என்றேன். இன்னொருத்தர் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்ல மாட்டேன் என்று இன்னொரு தரமும் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.